படத்தில் இருப்பவர் யார்?

ஜி.டி. எக்ஸ்பிரஸிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் தில்லிக்கு வந்திறங்கிய நம் குடும்பங்கள் கொண்டுவந்த டிரங்குப் பெட்டிகளில் வெண்கலப் பானையும் இட்லித் தட்டும் மட்டுமா இருந்தன? அடியில் ஒரு பழுப்பு உறையில் ஏழெட்டுப் புகைப்படங்களும் இருந்தன. சரோஜினி நகர், ராமகிருஷ்ணபுரம், பிறகு மயூர் விஹார் என்று வீடு மாறியபோதெல்லாம் அந்த உறையும் கூடவே வந்தது. அதைப் பிரித்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

சென்ற தீபாவளிக்கு வீட்டை ஒழித்தபோது எங்கள் பெட்டியிலும் ஒரு படம் அகப்பட்டது. ஒரு மோட்டார் சைக்கிள், பக்கத்தில் மூன்று இளைஞர்கள். நடுவில் என் தந்தை, இடப்புறம் பெரியப்பா. மூன்றாமவர் யாரென்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. பின்புறம் ஓர் எழுத்துகூட இல்லை. ஆனால் வண்டி இன்னதென்று என் பேரன் கைபேசியில் தேடி ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிட்டான்: "பி.எஸ்.ஏ., தாத்தா!"

பி.எஸ்.ஏ. என்றால் நம்மவர்களுக்கு அம்பத்தூர் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரின் பூர்வீகம் இங்கிலாந்து. 1861-ல் பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்பவர்கள் கூடித் தொடங்கிய 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்' கம்பெனியின் சுருக்கம் அது. படத்தில் இருப்பது 500 சி.சி. எம்-20. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி. முன்சக்கரத்துக்கு இன்றுள்ள குழாய் ஃபோர்க் கிடையாது. சுருள் ஸ்பிரிங் வைத்த கர்டர் ஃபோர்க். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லை. சீட்டுக்கு அடியில்தான் இரண்டு ஸ்பிரிங். இந்த மாடல் 1937-ல் வந்தது. ஆகவே படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. எவ்வளவு பிந்தியது என்பதை வண்டி சொல்லாது.

இதற்குள் வீட்டில் ஒரு கதை உருவாகிவிட்டது: "கொள்ளுத்தாத்தா பி.எஸ்.ஏ. ஓட்டியவர்!" படம் உறவினர்களுக்கெல்லாம் போயிற்று. திருச்சியில் உள்ள என் எண்பத்தெட்டு வயது அத்தைக்கும் போயிற்று. அத்தை போனில் சிரித்தார். "அது நம்ம வண்டி இல்லைடா. பொன்மலையில எதிர் குவார்ட்டர்ஸ்ல சார்ஜ்மேன் இருந்தாரே, அவரோடது. ராணுவத்துக்காரங்க ஏலம் விட்டப்போ வாங்கினார். ஓரமா நிக்கறது அவர்தான். உங்கப்பாவுக்கு அப்போ சைக்கிள்கூடக் கிடையாது." பெயரையும் சொன்னார். என் தந்தைக்கு ரயில்வே வேலைக்கான மனுப் பாரத்தை வாங்கிவந்து கையெழுத்துப் போடவைத்தவரும் அவரேயாம். அப்பா ரயில்வேயில் சேர்ந்ததால் நான் சேர்ந்தேன். நான் சேர்ந்ததால் நாங்கள் தில்லிவாசிகள் ஆனோம்.

வண்டியின் விவரம் எந்த நாட்டில் தேடினாலும் கிடைக்கும். எங்களை இவ்வூர் சேர்த்தவரின் பெயரோ அத்தை ஒருவரிடம் மட்டுமே இருந்தது. சொந்த ஊரில் இருப்பவர்களுக்குக் கேட்க நாலு வீடு உண்டு. நமக்கு அது இல்லை. கேட்காமல் விட்டால் நம் பிள்ளைகள் தவறான கதையைத்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பார்கள்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைக் கணினியில் பதிவு செய்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய பணி. ஆனால் எந்த நிறுவனமும் படத்தைத்தான் காப்பாற்ற முடியும். அதில் இருப்பவர் யாரென்று வீட்டார்தான் சொல்ல வேண்டும். "வாட்ஸ்அப்பில் போட்டால் போதாதா?" என்று இளைஞர்கள் கேட்கலாம். படம் பத்துக் கை மாறும். பெயர் இரண்டாவது கையிலேயே உதிர்ந்துவிடும்.

செய்ய வேண்டியது சிறிய காரியம்தான். மென்மையான பென்சிலால் படத்தின் பின்னால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் வடு விழும். லாமினேஷனும் பசை தடவிய ஆல்பமும் வேண்டாம். பெயர், உறவு, ஊர், சொன்னவர் யார், சொன்ன ஆண்டு ஆகிய ஐந்தும் போதும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் ஒரு மேஜையும் ஒரு ஸ்கேனரும் போடலாம். பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் தமிழில் எழுதட்டும். தமிழ் எழுதக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு அதுவே பயிற்சியாகும்.

ஆனால் பொங்கல்வரை காத்திருக்க வேண்டாம். ஊரில் உள்ள உங்கள் குடும்பத்து மூத்தவருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே போன் செய்யுங்கள்.