பாட்டி பார்த்துக்கொள்வாள் என்ற பொய்

"மீனவர் தெருவில் குழந்தைக் காப்பகம் எதற்கு? பாட்டி இருக்கிறாள், பக்கத்து வீடு இருக்கிறது, பிள்ளை தானாக வளர்ந்துவிடும்." கருக்களாச்சேரி போன்ற காரைக்கால் கடற்கரை ஊர்களில் பேச்செடுத்தால் வருகிற பதில் இது. படித்தவர்களும் சொல்கிறார்கள், ஊர்ப் பெரியவர்களும் சொல்கிறார்கள். காப்பகம் என்றால் சென்னையில் கணினி வேலைக்குப் போகும் அம்மாக்களின் சமாச்சாரம் என்று முடிவே கட்டிவிட்டோம். இது தவறு மட்டுமல்ல, பிள்ளைகளுக்குக் கேடு செய்யும் தவறு.

அந்தப் பாட்டி யார் என்று முதலில் பார்ப்போம். இருபதில் தாயானவள் நாற்பத்தைந்துக்குள் பாட்டியாகிவிடுகிறாள். அவள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிப்பவள் அல்ல. மகளுக்கும் மருமகளுக்கும் முன்னால் மீன் கூடையைத் தூக்குகிறவள். விடியுமுன் ஏலத்துக்குப் போயாக வேண்டும். படகு கரைசேர்ந்து, சங்கராவும் காரப்பொடியும் தரையில் கொட்டி, குரல் ஏறி இறங்கி விலை படிந்த பிறகு மீனை அலுமினியக் கூடையில் அள்ளி, ஐஸை உடைத்துப் போட்டு, நாலைந்து பேர் சேர்ந்து பிடித்த ஆட்டோவில் போய் ஆளுக்கொரு தெருவில் இறங்க வேண்டும். வெயில் ஏற ஏற மீனின் விலை இறங்கும். விற்காததைத் திரும்பக் கொண்டுவந்து கீறி, உப்பிட்டு, கருவாடாகக் காயவைக்க வேண்டும். இதற்கு நடுவில் ஒன்றரை வயதுப் பேரனின் பின்னால் ஓட அவளுக்கு நேரம் ஏது? அவனுக்காகக் கூடையை இறக்கி வைத்தால் அன்றைய வருமானம் போச்சு. அந்த இழப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பாட்டியும் ஏலத்துக்குப் போன வீட்டில் பிள்ளை யார் இடுப்பில் ஏறுகிறது? ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ படிக்கிற அக்காவின் இடுப்பில். அவள் தூளியை ஆட்டி, பால் காய்ச்சி, அம்மா திரும்பும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பள்ளிக்குப் பிந்திப் போகிறாள். சில நாள் போவதே இல்லை. "பொறுப்பான பொண்ணு" என்று ஊர் மெச்சுகிறது. அதே வயது அண்ணனிடம் தம்பியைத் தூக்கச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. பாட்டி பார்த்துக்கொள்வாள் என்ற பேச்சுக்குப் பின்னால் மறைந்து நிற்பது இந்தச் சிறுமிதான்.

கடல், ஆற்று முகத்துவாரம், வாய்க்கால், குளம் என்று நாலாபக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊரில் இது உயிர்ப் பிரச்சினையும்கூட. நீரில் மூழ்கிச் சாவதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, பள்ளி செல்லும் வயது வராத பிள்ளைகளைத் தண்ணீருக்கு எட்டாத இடத்தில், பொறுப்பான ஆளின் பார்வையில் வைத்திருப்பதை ஒரு தடுப்பு முறையாகவே சொல்கிறது. வங்கதேசக் கிராமங்களில், தாய்மார்கள் வேலையில் மூழ்கியிருக்கும் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை சிறு காப்பகங்கள் நடத்திப் பிள்ளைச் சாவுகளைக் குறைத்தார்கள். அந்த ஊர்களில் பாட்டிகள் இல்லாமலா போனார்கள்?

காப்பகம் வசதிபடைத்தவர்களின் ஏற்பாடு என்பதை வரலாறும் ஒப்புக்கொள்ளாது. காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் பாரிஸில் 1844இல் ஃபிர்மின் மார்போ என்பவர் முதல் குழந்தைக் காப்பகத்தைத் திறந்தது ஏழைத் தொழிலாளப் பெண்களுக்காக. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆலைப் பெண்களுக்கும், 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை பறிக்கும் பெண்களுக்கும் காப்பகம் கேட்டன. 1969இல் டெல்லியில் மீரா மகாதேவன் தொடங்கிய 'மொபைல் கிரெஷஸ்' கட்டட வேலைத் தளத்தில், சித்தாள்களின் பிள்ளைகளுக்காகப் பிறந்தது. குஜராத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான 'சேவா'வின் பெண்கள் கூட்டுறவாகவே காப்பகங்கள் நடத்துகிறார்கள். உழைக்கும் ஏழைப் பெண்ணுக்காக வந்த ஒன்றை அவளுக்கே தேவையில்லை என்கிறோம்.

சரி, இன்றைக்கு மீன் விற்கும் தாயின் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன? 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வார விடுப்பும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகமும் தந்தது. மீன் விற்பவளுக்கு முதலாளியே இல்லை, ஆகவே இரண்டும் இல்லை. ஆள் வைத்துப் பார்க்கச் சொன்னால் ஒரு நாள் லாபம் ஆளுக்கே போய்விடும். தனியார் மழலைப் பள்ளி இரண்டரை, மூன்று வயதுக்கு மேல்தான் சேர்க்கும், கட்டணமும் கேட்கும். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய திட்டத்தில் வந்த அங்கன்வாடி நல்ல ஏற்பாடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கூடையோடு கிளம்பிப் பல மணி நேரம் கழித்துத்தான் அது திறக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எடை பார்ப்பார்கள், ஊட்ட உணவு தருவார்கள். வைத்துப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

மிஞ்சுவது அரசின் காப்பகத் திட்டம். ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கானது. 2022 முதல் 'பால்னா' என்ற பெயரில், அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்த்து நடத்தவும் வழி செய்திருக்கிறது. இதற்கு முன்பிருந்த தேசியக் காப்பகத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையிலேயே, அந்தப் பகுதித் தாய்மார்களில் பெரும்பாலோரின் வேலை நேரத்தை ஒட்டிக் காப்பக நேரத்தை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. ஆக, ஏலத்துக்குப் போகிறவளுக்காக விடியுமுன் கதவைத் திறப்பது யாரும் நினைத்துப் பார்க்காத சலுகை அல்ல.

புதுச்சேரி அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை கருக்களாச்சேரியிலிருந்தே இதைத் தொடங்கட்டும். ஊரிலேயே இரண்டு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அங்கன்வாடி ஊழியரின் தலையில் இன்னொரு சுமையாக ஏற்றாமல், தனிச் சம்பளத்தோடு அமர்த்தட்டும். ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: கோயில் திருவிழாவுக்கு வரி போட்டுப் பணம் சேர்க்கத் தெரிந்த நீங்கள், ஒரு பொதுக் கட்டடத்தை இதற்கு ஒதுக்குங்கள். அடுத்த கூட்டத்தில் மீன் விற்கும் பெண்களை உட்காரவைத்து, காப்பகம் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.