கோடை அறுவடையும் மாணவர் உதவிப்பணமும்: கனடாவின் அனுபவம் சொல்வது என்ன?

கனடாவில் 2025ஆம் ஆண்டு கோடை விடுமுறையின்போது, படிப்பைத் தொடரவிருந்த மாணவர்களிடையே வேலையின்மை சராசரியாக 17.9 சதவீதமாக இருந்தது. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தை விலக்கிப் பார்த்தால், 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் பதிவான மிக உயர்ந்த அளவு இதுவாகும். அதே கோடையில், அந்நாட்டின் பழத்தோட்டங்களிலும் காய்கறி வயல்களிலும் வழக்கம்போல மெக்சிகோ, ஜமைக்கா, குவாத்தமாலா போன்ற நாடுகளிலிருந்து தற்காலிக அனுமதியில் வந்த தொழிலாளர்களே அறுவடை செய்தனர். அண்மைய ஆண்டுகளில் இவ்வாறு விவசாயத்துக்காக வருவோரின் எண்ணிக்கை ஆண்டுக்கு 60 ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறது.

இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களிடம் எளிமையான கேள்வி ஒன்று எழுவது இயல்பு. வேலை தேடி அலையும் மாணவர்களுக்கு அரசு சிறிது பண உதவி அளித்து, அவர்களை ஏன் வயல்களுக்கு அனுப்பக்கூடாது?

2025 செப்டம்பரில், தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டத்தையே கைவிட வேண்டும் என்று எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர் பியேர் பொலியேவ் கோரினார். இளைஞர்களின் வேலைவாய்ப்புகள் பறிபோகின்றன என்பது அவர் முன்வைத்த வாதம். ஆனால் விவசாயத்துக்குத் தனியான ஏற்பாடு ஒன்று தொடர வேண்டும் என்று அவரும் கூறினார் என்பது கவனிக்கத்தக்கது. திட்டத்தைக் கடுமையாக எதிர்ப்பவர்கள்கூட, கனேடிய இளைஞர்களை நம்பி அறுவடையை ஒப்படைக்கத் தயாராக இல்லை.

இதற்கு மாணவர்களின் சோம்பலைக் காரணமாகக் கூறுவோர் உண்டு. ஆனால் 2020ஆம் ஆண்டில் கனடா மேற்கொண்ட முயற்சியை ஆராய்ந்தால் வேறொரு விடை கிடைக்கிறது.

இரு அரசாங்கங்கள், இரு நிபந்தனைகள்

2020 மார்ச்சில் எல்லைகள் மூடப்பட்டபோது, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் உரிய நேரத்தில் வந்து சேர்வார்களா என்ற அச்சம் விவசாயிகளிடையே பரவியது. ஏப்ரல் 17ஆம் தேதி கியூபெக் மாகாண அரசாங்கம் 45 மில்லியன் டொலர் திட்டம் ஒன்றை அறிவித்தது. வாரத்துக்குக் குறைந்தது 25 மணி நேரம் பண்ணையில் வேலை செய்பவருக்கு, ஊதியத்துக்கு மேலதிகமாக வாரம் 100 டொலர் ஊக்கத்தொகை வழங்கப்படும் என்பது அதன் முக்கிய அம்சம். வேலையிழந்தவர்களுடன் மாணவர்களும் இத்திட்டத்தின் இலக்காக இருந்தனர்.

ஐந்து நாட்களின் பின்னர், அப்போதைய பிரதமர் ஜஸ்ரின் ட்ரூடோ மாணவர்களுக்கென சுமார் 9 பில்லியன் டொலர் பெறுமதியான உதவிகளை அறிவித்தார். அவற்றில் முதன்மையானது அவசரகால மாணவர் உதவித்திட்டம். மே முதல் ஆகஸ்ட் வரை, நான்கு வாரங்களுக்கு 1,250 டொலர் என்ற கணக்கில், அதிகபட்சம் 16 வாரங்களுக்கு இது வழங்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கும் தம்மைச் சார்ந்து வாழ்வோரைப் பராமரிப்பவர்களுக்கும் 2,000 டொலர் கிடைத்தது. சுமார் 7 இலட்சம் மாணவர்கள் பயன்பெற்றனர். கோடை வேலைகள் ஒரே இரவில் மறைந்துபோன அந்த நாட்களில், வாடகைக்கும் கல்விக் கட்டணத்துக்கும் வழி தெரியாது நின்ற குடும்பங்களுக்கு இது பேருதவியாக அமைந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது. நான்கு வார காலத்தில் 1,000 டொலருக்கு மேல் உழைத்துச் சம்பாதித்தால், உதவித்தொகை முழுவதும் இல்லாது போகும். அதாவது, வருமானம் கூடக்கூட உதவி படிப்படியாகக் குறைவதில்லை. ஒரே அடியில் அறுந்துவிடுகிறது.

இதன் விளைவை எளிய கணக்கொன்றின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். ஒன்ராறியோவில் அப்போது பொதுவான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 14 டொலர். வாரம் 40 மணி நேரம் வீதம் நான்கு வாரங்கள் அறுவடையில் ஈடுபட்ட மாணவர் வரிக்கு முன்னர் பெற்றது 2,240 டொலர். அதே காலத்தில் மொத்தம் 71 மணி நேரம் மட்டும் வேலை செய்த மாணவர் 994 டொலர் சம்பாதித்து, உதவித்தொகையையும் சேர்த்து 2,244 டொலர் பெற முடிந்தது. முதலாமவர் கூடுதலாக உழைத்த 89 மணி நேரத்துக்குக் கிடைத்த பலன் எதுவுமில்லை.

கியூபெக்கில் நிலைமை இன்னும் விசித்திரமானது. அங்கு 2020 மே முதல் குறைந்தபட்ச ஊதியம் 13 டொலர் 10 சதம். மாகாணத்தின் ஊக்கத்தொகையைப் பெற வாரம் 25 மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். அப்படிச் செய்தால் நான்கு வார ஊதியம் 1,310 டொலராகி, மத்திய அரசாங்கத்தின் 1,000 டொலர் வரம்பைத் தாண்டிவிடும். ஊதியமும் ஊக்கத்தொகையுமாக அவர் கைக்கு வருவது 1,710 டொலர். மாறாக, மொத்தம் 76 மணி நேரத்துடன் நிறுத்திக்கொண்ட மாணவருக்கு, மத்திய உதவியும் சேர்ந்து சுமார் 2,245 டொலர் கிடைத்தது. ஓர் அரசாங்கம் விரித்த வலையில் சிக்காமல் மற்றைய அரசாங்கத்தின் பரிசைப் பெற முடியாது என்பதே இதன் பொருள். முழுநேரமாக வாரம் 40 மணி நேரம் உழைத்தவர்கூட, அந்த 76 மணி நேர மாணவரைவிட 250 டொலர் மட்டுமே கூடுதலாகப் பெற்றார். அதற்காக அவர் செலவிட்ட கூடுதல் நேரம் 84 மணி. மணிக்கு மூன்று டொலர் அளவில்தான் வருகிறது.

இந்த முரண்பாடு அப்போதே சுட்டிக்காட்டப்படாமல் இல்லை. கியூபெக்கின் அப்போதைய முதல்வர் பிரான்சுவா லெகோ இது குறித்துக் கவலை வெளியிட்டார். நாடாளுமன்றத்தில் கன்சர்வேட்டிவ் கட்சியும் புளொக் கியூபெக்குவா கட்சியும், வேலைக்குச் செல்வதை ஊக்குவிக்கும் வகையில் திட்டம் அமைய வேண்டும் என்று வலியுறுத்தின. வேலை செய்யக்கூடிய நிலையில் உள்ள மாணவர்கள் வேலை தேடுவதாக உறுதியளிக்க வேண்டும் என்ற விதி இருந்தபோதிலும், 1,000 டொலர் வரம்பு அவ்வாறே நீடித்தது.

ஆகவே மாணவர்கள் உழைக்க மறுத்தார்கள் என்பதைவிட, அரசு போட்டுக் கொடுத்த கணக்கைச் சரியாகப் படித்தார்கள் என்பதே பொருத்தமாகும்.

முன்பு எவ்வாறு முடிந்தது?

மாணவர்கள் ஒருபோதும் வயலுக்குச் சென்றதில்லை என்பதும் உண்மையல்ல. இரண்டாம் உலகப் போரில் இளைஞர்கள் படையில் சேர்ந்துவிட, ஒன்ராறியோ அரசாங்கம் 1941இல் பண்ணைச் சேவைப் படை ஒன்றை உருவாக்கியது. ஆயிரக்கணக்கான பாடசாலை மாணவியர் அதில் இணைந்து பழம் பறித்தனர், களை பிடுங்கினர். மணிக்கு 25 சதம் ஊதியம். தங்குமிடத்துக்கும் உணவுக்கும் வாரம் நாலரை டொலர் கழிக்கப்பட்டது.

ஊதியம் சொற்பமே. எனினும் அவர்களுக்குக் கிடைத்த மற்ற வசதிகள் முக்கியமானவை. போதிய மதிப்பெண் பெற்றவர்கள் இறுதித் தேர்வு எழுதாமலே முன்கூட்டி வயலுக்குச் செல்ல அனுமதிக்கப்பட்டனர். தங்குவதற்கு மேற்பார்வையுடன் கூடிய முகாம்கள் அமைக்கப்பட்டன. கல்வி நாட்காட்டி, இருப்பிடம், ஊதியம் ஆகிய மூன்றையும் ஒரே அரசாங்கம் ஒருங்கே கவனித்தது.

போருக்குப் பின்னர் நிலைமை மாறியது. 1966இல் ஜமைக்காவிலிருந்தும், 1974இல் மெக்சிகோவிலிருந்தும் பருவகால விவசாயத் தொழிலாளர்கள் வரத் தொடங்கினர. ஆண்டுக்கு எட்டு மாதங்கள் வரை தங்கி வேலை செய்யக்கூடியவர்கள் இவர்கள். இவர்களது அனுமதி குறிப்பிட்ட ஒரு தொழில்தருநருடன் பிணைக்கப்பட்டிருப்பதால், வேலை பிடிக்காவிட்டாலும் விட்டு விலகுவது எளிதல்ல. 2020இல் ஒன்ராறியோ பண்ணைகளில் மெக்சிகோ தொழிலாளர்கள் இருவர் கொரோனாவுக்குப் பலியானபோது, அந்நாடு புதிய தொழிலாளர்களை அனுப்புவதைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. அவர்கள் வாழ்ந்த நெருக்கடியான விடுதிகளின் நிலை அப்போதுதான் பலருக்கும் தெரியவந்தது.

பண்ணை உரிமையாளரின் பார்வையில் ஒப்பீடு தெளிவானது. பல்கலைக்கழக மாணவருக்கு விடுமுறை மே முதல் ஆகஸ்ட் வரை. ஒன்ராறியோவில் தண்ணீர்விட்டான் தண்டு எனப்படும் அஸ்பராகஸ் மே மாதத்திலும், ஸ்ட்ரோபெரி ஜூனிலும் அறுவடைக்கு வருகின்றன. ஆனால் ஆப்பிளும் திராட்சையும் உச்சம் பெறும் செப்டம்பரிலும் ஒக்டோபரிலும் மாணவர் வகுப்பறைக்குத் திரும்பியிருப்பார்.

தொலைவும் ஒரு தடை. ரொறன்ரோவிலிருந்து பசுமைக்குடில்கள் நிறைந்த லெமிங்டன் சுமார் 350 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. பருவகாலத் திட்டத்தில் வரும் வெளிநாட்டவருக்குத் தங்குமிடம் வழங்குவது தொழில்தருநரின் கடமை. உள்ளூர் மாணவருக்கு அத்தகைய கடமை எதுவும் விதிக்கப்படவில்லை. நகரில் குடும்பத்துடன் வாழும் மாணவர், கிராமத்தில் அறை வாடகை கொடுத்துக் குறைந்தபட்ச ஊதியத்தில் வேலை செய்தால், செப்டம்பர் கல்விக் கட்டணத்துக்கு மிஞ்சுவது என்ன?

பணம் யாருக்குச் செல்கிறது?

இதில் அடிப்படையான வேறொரு பிரச்சினையும் அடங்கியுள்ளது. கனடாவில் கோடை வேலைகளுக்கான நிரந்தர உதவி பெரும்பாலும் மாணவரின் கைக்கு வருவதில்லை. கனடா கோடைகால வேலைகள் திட்டத்தின்படி, 50 அல்லது அதற்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட தனியார் நிறுவனம், 15 முதல் 30 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு அமர்த்தினால், குறைந்தபட்ச ஊதியத்தில் பாதிவரை அரசு ஈடுசெய்கிறது. 2020இல் நெருக்கடி காரணமாக இது முழுமையாக ஈடுசெய்யப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், விவசாயத்துறைக்கென இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றுக்கு 9.2 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. ஒருவரது ஊதியத்தில் பாதி, அதிகபட்சம் 14,000 டொலர்வரை பண்ணைக்கு வழங்கப்படும். சுமார் 700 வேலைகள் இதன்மூலம் எதிர்பார்க்கப்பட்டன.

இத்தகைய மானியம் பண்ணையாளரின் செலவைக் குறைக்கிறது. ஆனால் மாணவரின் ஊதியத்தை ஒரு சதமேனும் உயர்த்த வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை.

சட்டப் பாதுகாப்பும் குறைவு. ஒன்ராறியோவில் பழம், காய்கறி, புகையிலை அறுவடை செய்வோருக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. மேலதிக நேரக் கொடுப்பனவு கிடையாது. பயிர்ச்செய்கையின் ஏனைய பல வேலைகளில் ஈடுபடுவோருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே பொருந்தாது. நகரத்துக் கடையில் வேலை செய்யும் மாணவருக்கு உள்ள உரிமை வயலில் நிற்கும் அவரது நண்பருக்கு இல்லை.

அவுஸ்திரேலியாவின் மாற்று வழி

இதே காலத்தில் அவுஸ்திரேலியா வேறுவிதமாக முயன்றது. 2020 நவம்பர் 30 முதல் 2021 டிசம்பர் 31 வரையான காலத்தில் விவசாய வேலையில் 15,000 அவுஸ்திரேலிய டொலர் சம்பாதிக்கும் இளைஞர், பெற்றோரைச் சாராத சுதந்திரமானவராகக் கருதப்பட்டு, மாணவர் உதவித்தொகை பெறுவதற்கு வழி திறக்கப்பட்டது. அத்துடன் அறுவடைக்காக இடம்பெயரும் குடிமக்களுக்குப் பயணம், தங்குமிடச் செலவாக 6,000 டொலர்வரை மீளளிக்கப்பட்டது.

இங்கு உழைப்பு உதவியைப் பறிக்கவில்லை. உதவிக்கான தகுதியை உருவாக்கியது. கனேடியத் திட்டத்திலிருந்து இது அடிப்படையில் மாறுபடுகிறது. எனினும் குறை இல்லாமல் இல்லை. அன்றைய தற்காலிக ஊழியருக்கான குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 24 டொலர் 80 சதத்தில், 15,000 டொலரை எட்டச் சுமார் 16 வாரங்கள் முழுநேரம் உழைக்க வேண்டும். பறித்த கூடைக்கு ஏற்ப ஊதியம் பெற்றவர்களுக்கு அப்போது மணிநேர அடிப்படையில் உறுதியான அடித்தளம் இருக்கவில்லை. அந்த உத்தரவாதம் 2022 ஏப்ரல் 28ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது.

வெளியே நிற்பவர்கள்

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விவாதம் தொலைவான ஒன்றல்ல. கனேடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ, அகதியாக ஏற்கப்பட்ட தகுதியோ உள்ளவர்களின் பிள்ளைகள் இந்த உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அகதி விண்ணப்பத்துக்கான முடிவை எதிர்நோக்கியிருப்போரும், தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கல்வி விசாவில் சென்றவர்களும் வெளியே நிற்கின்றனர்.

2020 ஏப்ரலில், கல்விக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்ற தடை, உணவு உற்பத்தி போன்ற அத்தியாவசியத் துறைகளில் பணிபுரியும் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆகஸ்ட் இறுதிவரை தளர்த்தப்பட்டது. அதே சமயம், அவசரகால மாணவர் உதவி அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அவர்களது உழைப்பு அத்தியாவசியமாகக் கருதப்பட்டது. அவர்களது வாடகை அவ்வாறு கருதப்படவில்லை. உள்ளூர் மாணவர்களைவிடப் பன்மடங்கு அதிகமான கட்டணம் செலுத்துபவர்கள் இவர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட கனேடிய வரவு செலவுத் திட்டம், 2026 கோடைக்குச் சுமார் 1 இலட்சம் மானிய வேலைகளுக்கு நிதி ஒதுக்கியது. எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் வேலையில் பாதி ஊதியத்தை அரசு ஏற்பதாலேயே ஒரு மாணவர் லெமிங்டனுக்குப் பேருந்து ஏறிவிட மாட்டார். வருமானத்துக்கேற்பப் படிப்படியாகக் குறையும் உதவி, தங்குமிடம், வயலிலும் பொருந்தும் தொழிற்சட்டம், அறுவடைக்கு ஏற்ப நெகிழும் கல்வி நாட்காட்டி ஆகியன சேர்ந்து அமையாதவரை, மாணவர்களை வயலுக்கு அழைக்கும் அறிவிப்புகள் அறிவிப்புகளாகவே இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் செலவு உண்டு. அச்செலவு இறுதியில் ஒரு கூடை ஸ்ட்ரோபெரியின் விலையில் தெரியும். தற்போது அந்த விலை குறைவாக இருப்பதற்குக் காரணம், விலகிச் செல்லும் சுதந்திரம் இல்லாத ஒருவர் அதைப் பறிப்பதுதான். மாணவர்கள் ஏன் வயலுக்கு வருவதில்லை என்று கேட்கும் அரசியல்வாதிகள், சுதந்திரமுள்ள ஒருவர் அதே வேலையைச் செய்ய என்ன கேட்பார் என்ற கேள்விக்கும் பதில் கூற வேண்டியிருக்கும்.