கார்டு கொடுத்தாச்சு, மாத்திரை எங்கே?

போன ஆடி மழையில, எங்க கூடலூர் பக்கம் இஞ்சிக்கு மண் அணைக்கிற வேலை. வேலைக்கு வந்துக்கிட்டிருந்த பணியர் பையன் ரெண்டு நாளா வரல. "சனிக்கிழமை கூலி வாங்கினான்ல, எங்கயாவது குடிச்சிட்டுக் கிடப்பான்"னு சொன்னது நான்தான். மூணாம் நாள் குடிசைக்குப் போய்ப் பார்த்தா, இடுப்பையும் காலையும் பிடிச்சுக்கிட்டு சுருண்டு கிடக்கிறான்.

ஜீப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கேயும் முதல் கேள்வி, "குடிச்சிருக்கானா?" ஒரு பாராசிட்டமால் கொடுத்து, "ஊட்டிக்குக் கொண்டு போங்க" என்றார்கள்.

அவனுக்கு இருப்பது சிக்கில் செல் நோய். வட்டமா இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து சின்ன ரத்தக் குழாயை அடைச்சிடும். அந்த இடத்துல உயிர் போற வலி. குளிர், தண்ணி குடிக்காம இருப்பது, கடும் உழைப்பு எல்லாமே அந்த வலியைக் கிளப்பும். நான் கொடுத்த வேலையில மூணும் இருந்தது. ஊட்டியோ 7,000 அடிக்கு மேலே. குளிர் ஆகாதவனைக் குளிருக்கே அனுப்புறோம்!

இந்தியாவில் இந்த நோயை முதலில் கண்டுபிடிச்சதே 1952-ல், எங்க நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். எழுபது வருஷம் தாண்டியாச்சு. 2023-ல் மத்திய அரசு 7 கோடி பேருக்குப் பரிசோதனை, 2047-க்குள் ஒழிப்போம் என்று அறிவித்தது. பரிசோதனை வேண்டாம்னு நான் சொல்லல. தாய், தகப்பன் ரெண்டு பேரும் நோயைக் கடத்துபவர்களா இருந்தா, ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதைத் தெரிஞ்சுக்கத்தான் வேணும். ஆனா பரிசோதனை பண்ணி கார்டு கொடுத்துட்டா வைத்தியம் முடிஞ்சதா? நாளைக்குப் பொறக்கப் போற பிள்ளையைப் பத்தி இவ்வளவு பேசுறோம். இன்னிக்குக் கிடந்து துடிக்கிறவனுக்கு என்ன வழி?

ஹைட்ராக்ஸியூரியா என்று ஒரு மருந்து இருக்கு. தினமும் சாப்பிட்டா அடிக்கடி வலி வர்றது குறையும். இடையிடையே ரத்தம் பார்த்துக்கணும். அதுக்காக ஒவ்வொரு தடவையும் நாள் கூலியை விட்டுட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சா யாரால தொடர்ந்து சாப்பிட முடியும்? மருந்தும் ரத்தப் பரிசோதனையும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வருஷம் பூரா கிடைக்கணும். வலின்னு வந்தா சந்தேகப்படாம, வலிக்குத் தக்க மருந்து உடனே கொடுக்கணும்.

பட்டணத்து நண்பர்களே, இது பெரிய மிஷின் கேட்கிற வைத்தியம் இல்லை. முதல்ல நோயாளி சொல்றதை நம்பணும். நானே நம்பாதவன்தான். அந்த வெட்கத்துலதான் இதை எழுதுறேன்.