எங்கள் சோட்டா பீம் எங்கே?

பட்டினப்பாக்கத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "உனக்குப் பிடிச்ச ஹீரோவை வரை" என்றோம். பாதிக்கு மேல் சோட்டா பீம். வண்ணம் தீட்டும்போது ஒரு சிறுமி கேட்டாள்: "அக்கா, ஸ்கின் கலர் குடுங்க." அவள் கேட்டது வெளிர் ரோஜா நிறக் கிரேயானை. அவள் கை அந்த நிறத்தில் இல்லை. அங்கிருந்த யார் கையும் அந்த நிறத்தில் இல்லை.

இதை அவளுக்கு யார் கற்பித்தது?

2008 முதல் தொலைக்காட்சியில் ஓடும் சோட்டா பீம், 2012-இல் டாம்யானின் சாபத்தோடு திரையரங்குக்கும் வந்தான். டோலக்பூர் ஒரு கற்பனை ராஜ்ஜியம். அங்கே மந்திரம் உண்டு, காலப்பயணம் உண்டு. நாயகன் சாதாரணப் பையன்தான், ஆனால் அவன் பெயர் மகாபாரதத்துச் சத்திரியன் பெயர். அவன் வேலை ராஜாவைக் காப்பாற்றுவது. அவன்மீது பொறாமைப்படும் முரடன் பெயர் காலியா. இந்தியில் 'காலா' என்றால் கறுப்பு. ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிப் போகத் தெரிந்த கற்பனைக்கு, கறுப்பன் நாயகனாக இருக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

"குழந்தைகள் படத்தில்கூடவா சாதி பார்ப்பீர்கள்?" என்று கேட்பார்கள். நாங்கள் பார்க்கவில்லை. படம் எடுப்பவர்கள் வைத்ததைச் சுட்டுகிறோம்.

இப்படிக் கேட்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அடையாறிலும் மயிலாப்பூரிலும் 'மோவானா'வையும் 'என்காண்டோ'வையும் ரசித்து வளர்கிறார்கள். பசிபிக் தீவுச் சிறுமி நாயகியானால், கறுப்பினச் சிறுவன் மைல்ஸ் மொராலஸ் ஸ்பைடர்மேன் ஆனால், அது பன்முகத்தன்மை. நாங்களும் கைதட்டுகிறோம். அந்த இடம் தானாகக் கிடைத்ததல்ல, கேட்டு வாங்கியது. 2023-இல் இந்திய ஸ்பைடர்மேனும் வந்தான், தமிழிலும் பேசினான். 'இந்தியன்' வந்துவிட்டான், சரி. அந்த இந்தியனுக்குள் சேரியில் பிறந்தவன் உண்டா என்று நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கதை இல்லையா நம்மிடம்? இன்னொரு சின்ன பீம் இருக்கிறான். 1901 வாக்கில், பத்து வயது பீமராவ் தன் அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க ரயிலேறுகிறான். மசூர் நிலையத்தில் அழைத்துப் போக ஆளில்லை. நல்ல உடையைப் பார்த்து அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் விலகிப் போகிறார். வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் சம்மதிக்கிறார்: இரட்டிப்புக் கூலி, மாட்டைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். இருட்டுகிறது. கூடையில் சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் தர ஆளில்லை. சாப்பிடாமலே தூங்குகிறார்கள்.

இதைவிடப் பெரிய சாகசப் பயணம் எந்த ராஜ்ஜியத்தில் இருக்கிறது? பர்தான் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் 2011-இல் 'பீமாயணா'வில் அம்பேத்கரின் வாழ்வை மீனும் மயிலும் மரமுமாக வரைந்து காட்டிவிட்டார்கள். திரையில் அதை ஓடவைக்கத்தான் ஆளில்லை.

பழைய கதை வேண்டாமா? 2022 மே மாதம், பொதுத்தேர்வு நேரத்தில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தார்கள். அங்கிருந்து தேர்வெழுதப் போன ஒரு பிள்ளையை நாயகியாக்கிப் பாருங்கள். டாம்யான் தேவையில்லை, பொக்லைன் போதும்.

விஸ்காம் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் ப்ராஜெக்டுக்கு இன்னொரு இளவரசனைத் தேடாதீர்கள். எங்கள் வகுப்புக்கு வாருங்கள். அடுத்து அந்த மாட்டுவண்டிப் பயணத்தைத்தான் பிள்ளைகளோடு வரையப் போகிறோம். பழுப்பு நிறக் கிரேயான் நிறைய வேண்டும். வரும்போது வாங்கி வாருங்கள்.

ஜெய் பீம்.