இன்றிரவும் மொபைலை அணைக்க வேண்டியதில்லை



"இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமியை நெருங்குகின்றன, மொபைலை அணைத்துத் தூரமாக வையுங்கள், நாசா எச்சரிக்கை." நம் குடும்பக் குழுவில் இது மறுபடியும் வந்துவிட்டது. பல வருடமாகச் சுற்றும் செய்தி. தேதியே கிடையாது, எப்போதும் "இன்றிரவு"தான். அனுப்பியவர்களில் இரண்டு பேர் பொறியாளர்கள்!

காஸ்மிக் கதிர் 12.30-க்குக் கிளம்பும் கடைசி பஸ் அல்ல. அது பகலிலும் இரவிலும் வந்துகொண்டே இருக்கிறது. உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். அக்கதிர்களால் காற்றில் உண்டாகும் மியூவான் துகள், ஏறக்குறைய வினாடிக்கு ஒன்று வீதம் அதை ஊடுருவிப் போகும். மொபைல் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவதில்லை.

விஞ்ஞானிகள் இதை ஊகித்துச் சொல்லவில்லை, அளந்து சொல்கிறார்கள். 1958-ல் எக்ஸ்ப்ளோரர் 1 செயற்கைக்கோளில் வான் ஆலன் ஒரு கைகர் கருவியை அனுப்பினார். மிக உயரத்தில் அது பூஜ்யம் காட்டியது. அங்கே துகளே இல்லை என்று அவர் குழு முடிவு கட்டிவிடவில்லை. துகள்கள் அளவுக்கு மீறி வந்தாலும் கருவி திணறிப் பூஜ்யம் காட்டும் என்று சோதித்து அறிந்தார்கள். பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையம் அப்படித்தான் தெரியவந்தது.

இன்று சிலிக்கான் தகடுகள் உண்டு. துகள் பாய்ந்ததும் ஒரு சிறு மின்துடிப்பு எழும், அதன் அளவிலிருந்து ஆற்றலைக் கணக்கிடலாம். 15 லட்சம் கி.மீ. தொலைவில் நம் ஆதித்யா எல்-1-ல் உள்ள ஆஸ்பெக்ஸ் கருவியும் துகள்களைத்தான் அளக்கிறது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி. அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள் எண்ணும் புரோட்டான்கள் குறித்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். அது விண்வெளி வீரர்களுக்கும், செயற்கைக்கோளை இயக்குபவர்களுக்கும், துருவப் பாதையில் பறக்கும் விமானங்களுக்கும் உரியது. தரையில் தூங்கும் நம்மைப் பூமியின் காந்தப்புலமும் காற்று மண்டலமும் காக்கின்றன.

"எதற்கும் அணைத்து வைத்தால் என்ன நஷ்டம் சார்?" என்கிறீர்கள். ஊரில் தனியாக இருக்கும் வயதான அத்தை அதை நம்பி அணைத்துவிட்டார், இரவு 2 மணிக்கு அவருக்கு நெஞ்சுவலி என்று வையுங்கள். நஷ்டம் புரியும். அருகில் இருக்கும் பேரப்பிள்ளையோ, பெரியவர்கள் கேள்வி கேட்காமல் பயப்படுவார்கள் என்று கற்றுக்கொள்கிறது.

அடுத்த முறை மூன்றே கேள்வி கேளுங்கள். எந்தக் கருவி அளந்தது? எவ்வளவு அளந்தது? எந்தத் தேதியில்? பதில் இல்லையென்றால் அந்தச் செய்தி உங்களோடு நிற்கட்டும்.