சளிதானே என்று விடலாமா? நாட்டுக்கோழிகளைத் தாக்கும் சுவாச நோய்கள்... தடுப்பது எப்படி?

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் மேஞ்சுது. காலையில பார்த்தா தூங்கித் தூங்கி விழுது." கோடை நெருங்கினால் ஊர்ப்பக்கம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சில நாள்களில் பஞ்சாரமே காலியாகிவிடும்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் புறக்கடையில் வளர்க்கப்படும் கோழி, வாத்து உள்ளிட்ட பறவைகள் சுமார் 31.7 கோடி. 2012 கணக்கைவிட இது 45 சதவீதத்துக்கும் மேல் அதிகம். கிராமங்களில் இது பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கும் சேமிப்பு. அவசரத்துக்கு ரெண்டு கோழியை விற்றால் ஸ்கூல் ஃபீஸ் ஆகிவிடும். அந்தச் சேமிப்பு ஒரே வாரத்தில் போவதுதான் இங்கே பிரச்சினை.

என்னென்ன நோய்கள்?

கோழிக்கு நுரையீரலோடு சேர்ந்து உடல் முழுக்கக் காற்றுப்பைகள் உண்டு. அதனால் மூச்சுவழி வரும் கிருமி வேகமாக உள்ளே பரவும். வெளியே பார்த்தால் எல்லாம் சளி, தும்மல், கொர் கொர் சத்தம்தான். உள்ளே இருப்பது வேறு வேறு நோய்கள்.

* ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்): வைரஸ் நோய். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கோழிகளில் பெரும்பாலானவை இறந்துவிடலாம். மருந்து கிடையாது.

* நாள்பட்ட சுவாச நோய்: மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவால் வருவது. முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். குணமான கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டே திரியும்.

* கொரைசா: முகம் வீங்கும், மூக்கில் நாற்றமடிக்கும் சளி வழியும்.

* பறவைக் காய்ச்சல்: கேரளத்தின் ஆலப்புழை பகுதியில் 2014, 2021, 2024 ஆண்டுகளிலும், ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில் 2025 பிப்ரவரியிலும் பரவியது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கி.மீ. வரையுள்ள பறவைகள் அழிக்கப்படும். உங்கள் கோழி ஆரோக்கியமாக இருந்தாலும் தப்பாது.

"ஆன்டிபயாடிக் கொடுத்தா சரியாகாதா?"

வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லாததால் பென்சிலின் வகை மருந்துகளும் பலிக்காது. கடையில் கேட்டு வாங்கித் தண்ணீரில் கலப்பதால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகும் ஆபத்துதான் மிச்சம். இந்தக் கவலையால்தான் கோலிஸ்டின் மருந்தைக் கால்நடை, கோழிகளுக்குப் பயன்படுத்த 2019இல் மத்திய அரசு தடை விதித்தது.

நோய் எப்படிப் பரவுகிறது?

பெரும்பாலும் நம் கையால்தான். ஒரு கோழி தூங்க ஆரம்பித்ததும், "சாகறதுக்குள்ள வித்துடுவோம்" என்று மீதியைச் சந்தைக்குக் கொண்டுபோகிறோம். அங்கே அதை வாங்குபவர் நோயையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். விற்பவருக்கு இது நஷ்டத்தைக் குறைக்கும் வழி. ஊருக்கோ நோயைப் பரப்பும் வழி. செருப்பு, கூடை, முட்டை அட்டை, செத்த கோழியை வீசிய குப்பைமேடு ஆகியவற்றின் வழியாகவும் பரவும்.

என்ன செய்யலாம்?

1. புதுக் கோழியை மூன்று, நான்கு வாரம் தனியாக வையுங்கள். முதலில் பழைய கோழிக்குத் தீனி, கடைசியில் புதுசுக்கு.

2. கூண்டுக்கென்று தனிச் செருப்பு வையுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

3. எச்சத்தைச் சுரண்டிக் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடர். அழுக்கின் மேல் தெளித்தால் பயனில்லை.

4. கூண்டில் கண் எரிகிற நெடி அடித்தால் அது அம்மோனியா. கோழியின் சுவாசக்குழாயை அது புண்ணாக்கும். காற்றோட்டம் தேவை.

5. செத்த கோழியைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். சேர்ந்தாற்போல் பல கோழிகள் செத்தால் கையால் தொடாமல், கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம். 2009ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி, ராணிக்கெட், பறவைக் காய்ச்சல் போன்ற நோய்களைத் தெரிவிப்பது வளர்ப்பவரின் கடமை.

தடுப்பூசியில் என்ன சிக்கல்?

ராணிக்கெட்டுக்கு முதல் வாரத்தில் கண் அல்லது மூக்கில் சொட்டு, நான்காம் வாரத்தில் மறுபடி, எட்டு வாரத்துக்குப் பின் இறக்கையடியில் ஊசி என்பது வழக்கமான முறை. ஆனால் ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேல் மருந்து இருக்கும். கலக்கிய ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் மீதி வீண்தான். அதனால்தான் பலர் போடுவதே இல்லை.

இதற்கு வழி, தெருவே சேர்ந்து ஒரே நாளில் போடுவது. கால்நடை பராமரிப்புத் துறை பொதுவாக பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துகிறது. ஊரில் அம்மாவோ பாட்டியோ கோழி வளர்த்தால், முகாம் தேதியைக் கேட்டுத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்கும் ஊசி போட்டிருந்தால்தான் நம் வீட்டுக் கோழிக்குப் பாதுகாப்பு.