வெயிலில் காயும் டீசல்

காலையில் நன்றாகத் தண்ணீர் இழுத்த ஆயில் இன்ஜின் மத்தியானம் மூச்சு வாங்கினால் யார் மேல் பழி விழும்? ஒன்று பெட்ரோல் பங்க் மேல், இல்லையென்றால் மெக்கானிக் மேல். வெயிலை யாரும் திட்டுவதில்லை!

விஷயம் ரொம்ப எளிது. டீசல் 20 டிகிரி சூடேறினால் அதன் கொள்ளளவு சுமார் 1.6 சதவீதம் கூடும், எடை கூடாது. இன்ஜினில் உள்ள பம்ப் டீசலை எடை போட்டு அனுப்புவதில்லை, அளந்துதான் அனுப்புகிறது. ஆக, அளவு அதேதான், உள்ளே எரிகிற சரக்கு குறைவு. போதாததற்கு, சூட்டில் டீசல் நீர்த்தும் போகும். பம்பின் பிளஞ்சர் தேய்ந்திருந்தால் இடுக்கு வழியே கசிந்து திரும்பிவிடும். புது இன்ஜினில் இது தெரியாது. பழைய இன்ஜின்தான் காட்டிக்கொடுக்கும். சூட்டோடு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும்.

இதைப் பெரிதுபடுத்தவும் கூடாது. டீசல் எங்கும் ஆவியாகிப் போய்விடவில்லை. முழு லோடில்தான் பலம் குறையும். பாதி லோடில் கவர்னரே சரிக்கட்டிவிடும். வெயிலில் காற்றும் லேசாகிவிடுவதால் அதுவும் தன் பங்குக்கு இன்ஜினைத் தளர்த்துகிறது. "விடியற்காலையில் போட்டால் டீசல் அதிகம் கிடைக்கும்" என்பதும் பெரும்பாலும் வெறும் பேச்சுதான். பங்கின் டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது, அங்கே பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சந்தேகம் இருந்தால் டென்சிட்டி கேட்டுப் பார்க்கலாம். 15 டிகிரிக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும்.

சரி, ஒன்றிரண்டு சதவீதத்துக்கா இத்தனை பேச்சு? 2024இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஐத் தாண்டி ஜூலை 28இல்தான் திறந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் குறுவைக்கு நிலத்தடி நீரை விட்டால் வேறு கதியில்லை. இலவச மின் இணைப்பு இல்லாதவருக்கு ஆயில் இன்ஜின்தான் துணை. பட்டுக்கோட்டை, பேராவூரணி போன்ற கடைமடையில் முறை வைத்து வரும் தண்ணீரை மத்தியானத்தில் இறைக்க முடியாமல் போனால், அது சதவீதக் கணக்கு இல்லை, நாற்றுக் கணக்கு.

பம்பைக் கழற்றி ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் டேங்குக்கு ஒரு நிழல் போட்டுப் பார்க்கலாமே? நாலு கம்பு, கொஞ்சம் கீற்று, சைலன்சரிலிருந்து தள்ளி. அதன் பிறகும் இன்ஜின் இழுக்கவில்லையென்றால் தாராளமாக மெக்கானிக்கைக் கூப்பிடட்டும். இயற்பியல் பாடத்தில் விரிவடைதல் என்றால் தண்டவாள உதாரணம் மட்டும் சொல்கிறார்கள். தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு வயலோர டீசல் டேங்கைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா என்ன?